சுத்தியலும் குறடும்



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் பங்குகளிலிருந்து குடும்பங்கள் பல கொடைக்கானல் மலைக்குப் புறப்படுவதைக் காண்கிறோம். ஏரியைச் சுற்றி வருகின்றனர். தூண் பாறைகளை மேகம் மூடுவதையும் விலகுவதையும் கண்டு வியக்கின்றனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சி 2018-இல் மலர்ந்தது, இனி 2030-இல் மலரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றனர். இவையெல்லாம் நல்லனவே. படைத்தவரின் கைவண்ணத்தைக் கண்டு மகிழ்வது செபத்தின் தொடக்கமாகும். ஆயினும் அம்மலைக்குச் செல்வோருள் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. இன்று உல்லாசத்திற்குப் பெயர்பெற்ற அந்நகரம் தொடக்கத்தில் நோயாளிகளின் புகலிடமாகவே உருவாயிற்று.

பளியரும் புலையரும் பழனி மலைகளில் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தவர்கள். பூம்பாறை போன்ற மேல்மலை ஊர்களில் உழவர் குடியிருந்தனர். 1821-ஆம் ஆண்டில் வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி அம்மலைகளை அளந்து சென்றார். 1845-ஆம் ஆண்டில், மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் சபையார் அங்கே முதல் வீடுகளைக் கட்டினர். சமவெளியின் வெப்பமும் காலராவும் காய்ச்சலும் அவர்களுள் பலரைக் கொண்டுபோயிருந்தன. எஞ்சியோர் உயிர்பிழைக்க இடம் தேடியே மலை ஏறினர்.

நம் கத்தோலிக்க மறைபரப்பாளர்களின் கதையும் இத்தகையதே. 1773-இல் கலைக்கப்பட்டு 1814-இல் மீண்டும் உயிர்பெற்ற இயேசு சபையின் குருக்கள் 1838-ஆம் ஆண்டளவில் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தனர். ஐரோப்பாவிலிருந்து வந்த இளங்குருக்கள் பலர் சில ஆண்டுகளுக்குள்ளேயே காய்ச்சலுக்கும் காலராவுக்கும் இரையாயினர். தமிழ் கற்று முடிக்கு முன்பே கல்லறைக்குச் சென்றோரும் உண்டு. ஆகவே 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்களும் நோயுற்றோர் தங்குவதற்காகக் கொடைக்கானலில் இடம் தேடினர். அங்கே லூயி சேன் சிர் என்னும் பிரெஞ்சு நாட்டுக் குருவானவர் 1860-களில் தேவதாய்க்கு ஓர் ஆலயம் எழுப்பினார். அதுவே இன்று நாம் வணங்கி வரும் சலேத் மாதா ஆலயம். ஆண்டுதோறும் ஆகஸ்டு 15-ஐ ஒட்டி அங்கு நிகழும் திருவிழாவிலும் தேர்ப் பவனியிலும் சாதி, சமயம் பாராது மலைமக்கள் கூடுகின்றனர்.

அன்னைக்கு எத்தனையோ பெயர்கள் உண்டு. நோயாளிகள் தங்கிய அந்த மலையில் சலேத் மாதா என்னும் பெயர் எத்துணைப் பொருத்தமாக அமைந்துவிட்டது என்பதையே இத்திங்கள் நாம் சிந்திக்க விரும்புகிறோம். ஏனெனில் சலேத் மாதா அழுகின்ற மாதா.

மலைமேல் அழுத தாய்

பிரான்சு நாட்டில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் ஒரு பகுதியில், கிரனோபிள் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது லா சலேத் என்னும் சிற்றூர். 1846-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், சனிக்கிழமை. மெலானி என்னும் பதினான்கு வயதுச் சிறுமியும் மாக்சிமின் என்னும் பதினோரு வயதுச் சிறுவனும் அம்மலைச் சரிவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தனர். இருவரும் ஏழைகள், எழுத்தறியாதவர்கள், கூலிக்கு மாடு மேய்த்தவர்கள். அவர்கள் கண்டது ஒரு பேரொளி. அவ்வொளியினுள்ளே ஒரு பெண் கல்லின்மேல் அமர்ந்து, முழங்கால்களில் முழங்கைகளை ஊன்றி, முகத்தை இரு கைகளிலும் புதைத்து அழுதுகொண்டிருந்தார். தம் பிள்ளைகளிடம் அடிபட்டு, அழுவதற்காக மலைக்கு ஓடிவந்த தாயோ என்று தாம் நினைத்ததாகச் சிறுவன் பின்னர் கூறினான்.

அன்னை பேசினார். பேசும்போது உருளைக்கிழங்கைப் பற்றிச் சொன்னார். பிரெஞ்சு மொழியில் அச்சொல் சிறுமிக்கு விளங்கவில்லை. அதைக் கண்ட அன்னை, அவ்வூர் மக்களின் வட்டார மொழிக்கு மாறிப் பேசலானார். விண்ணகத்தின் அரசி மாடு மேய்க்கும் பிள்ளையின் பேச்சுக்கு இறங்கி வந்தார்.

அவர் அழுததற்குக் காரணம் யாது? மக்கள் தம் திருமகனின் பெயரை இகழ்ந்தனர். ஞாயிறு வழிபாட்டை மறந்தனர். இதை எல்லாரும் அறிவோம். ஆனால் அழுகிப்போகும் கிழங்கையும், பொடியாகும் கோதுமையையும், கெட்டுப்போகும் திராட்சையையும், தாயின் கைகளில் இறக்கும் குழந்தைகளையும் பற்றி அன்னை பேசினார் என்பதை நாம் கவனிப்பதில்லை. 1845-ஆம் ஆண்டு தொடங்கி ஐரோப்பாவில் உருளைக்கிழங்கைக் கருகல் நோய் தாக்கியது. அயர்லாந்து நாட்டில் மட்டும் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். அத்துன்பம் வந்த காலத்தில்தான் அன்னையின் கண்ணீரும் வந்தது. மேலும் சிறுவன் மறந்துவிட்ட ஒன்றை அன்னை நினைவூட்டினார். ஒருநாள் வயற்புறத்தில், கெட்டுப்போன கோதுமையைக் கண்ட அவன் தந்தை, அடுத்த ஆண்டு உண்ண என்ன கிடைக்குமோ என்ற கவலையோடு தம் கையிலிருந்த அப்பத்தை அவனுக்குக் கொடுத்திருந்தார். யாரும் அறியாத ஓர் ஏழைத் தகப்பனின் கவலை அன்னைக்குத் தெரிந்திருந்தது. மன்னவனூரிலும் பூம்பாறையிலும் உருளைக்கிழங்கும் பூண்டும் பயிரிட்டு, பனியையும் பூச்சியையும் விலைவீழ்ச்சியையும் எண்ணி இரவில் உறங்காத தகப்பன்மார் இதன் பொருளை எளிதில் உணர்வர்.

ஐந்து ஆண்டுகள் விசாரித்து ஆய்ந்த பின், 1851-ஆம் ஆண்டில் கிரனோபிள் ஆயர் அக்காட்சியை நம்பத் தகுந்தது என்று அறிவித்தார். இத்தகைய காட்சிகளை நற்செய்தியைப்போல ஏற்கவேண்டும் என்று திருச்சபை எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. நற்செய்தியை நன்கு உணர அவை நமக்குத் துணை செய்கின்றன. அவ்வளவே. காட்சி கண்ட அவ்விருவரும் பிற்காலத்தில் பெருவாழ்வு வாழ்ந்தவர்களுமல்லர். மாக்சிமின் எத்தொழிலிலும் நிலைபெறாமல் அலைந்து, 1875-இல் நாற்பது வயது நிறையுமுன் வறியவனாக மாண்டான். மெலானி பல நாடுகளில் அலைந்து 1904-இல் இத்தாலியில் இறந்தாள். இறைவன் வலுவற்ற கலங்களையே கையில் எடுக்கிறார் என்பதற்கு அவர்கள் வாழ்வும் ஒரு சான்று.

சின்னப்பரின் முள்

தாய் அழலாமா? விண்ணகத்தில் மகிமை பெற்றவர் அழுவது பொருந்துமா? விசுவாசமுள்ளவன் துன்பத்தில் கண்ணீர் விடாமல் கல்போல் நிற்கவேண்டுமென்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. நற்செய்தி அவ்வாறு கற்பிக்கவில்லை. இலாசரின் கல்லறையருகே ஆண்டவர் கண்ணீர் விட்டார். ஒலிவத் தோப்பில் அச்சமுற்று, துன்பக் கலம் தம்மைவிட்டு அகலவேண்டுமென்று தந்தையை மன்றாடினார். சிலுவைப் பாதையில் அவரால் தனியே சுமக்க இயலவில்லை. சீரேனே ஊரானாகிய சீமோன் தோள்கொடுக்க வேண்டியதாயிற்று. உலகைத் தாங்குபவர் ஒரு குடியானவனின் தோளை நாடினார். பிறருடைய உதவியை ஏற்பது தன்மானத்திற்கு இழுக்கு என்று கருதும் நாம் இதை ஆழ்ந்து எண்ணவேண்டும்.

இக்கொள்கையைத் தம் உடலில் கற்றுக்கொண்டவர் புனித சின்னப்பர். கொரிந்து நகரத்துச் சபையில் சிலர் தங்கள் நாவன்மையையும் காட்சிகளையும் எடுத்துக்காட்டிப் பெருமை பேசினர்; சின்னப்பரை எளியவர், பேச்சில் வலுவற்றவர் என்று இகழ்ந்தனர். அவர்களுக்கு மறுமொழியாகத் தாமும் பெருமை பேசுவதாகத் தொடங்கிய சின்னப்பர் எதைச் சொல்லுகிறார் பாருங்கள். அடிபட்டதை, கப்பல் உடைந்ததை, பசியால் வாடியதை, உறக்கமின்றித் தவித்ததைச் சொல்லுகிறார். இறுதியாக, தமஸ்கு நகரில் பகைவருக்குத் தப்பக் கூடையில் வைத்து மதில்வழியாக இறக்கிவிடப்பட்டதைச் சொல்லுகிறார். உரோமைப் படைவீரன் எதிரியின் கோட்டை மதிலில் முதலில் ஏறினால் அவனுக்குப் பொன்முடி சூட்டுவர். சின்னப்பரோ மதிலிலிருந்து கூடையில் இறங்கியதைத் தம் வீரச்செயலாகக் கூறுகிறார்!

அதன் பின்பே தம் உடலில் தைத்த முள்ளைப் பற்றி எழுதுகிறார் (2 கொரி. 12). அம்முள் யாதென்று அவர் கூறவில்லை. கண்நோய் என்பர் சிலர். காய்ச்சல் என்பர் சிலர். பகைவரால் உண்டான துன்பம் என்பர் வேறு சிலர். அவர் கூறாமல் விட்டதும் நமக்கு நன்மையே. நம் முள் எதுவாயினும் அவருடைய முள்ளோடு சேர்த்து எண்ணலாம். அதை நீக்கவேண்டுமென்று அவர் மும்முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை. தமது அருளே அவருக்குப் போதுமென்றும், மனிதரின் வலுவின்மையிலேயே தம் ஆற்றல் முழுமை பெறுகிறதென்றும் ஆண்டவர் அவருக்கு உணர்த்தினார்.

இங்கே கிரேக்க மூலத்தில் சின்னப்பர் ஆளும் சொல் ஒன்று கருதத்தக்கது. கிறிஸ்துவின் ஆற்றல் தம்மேல் தங்கும் என்று அவர் கூறுமிடத்தில், கூடாரம் அடித்துக் குடியிருத்தல் என்னும் பொருள்படும் சொல்லைக் கையாளுகிறார். பாலைவனத்தில் இஸ்ராயேலரின் நடுவே இறைவனின் கூடாரம் நின்றது. வார்த்தையானவர் மனிதராகி நம்மிடையே குடிகொண்டதைக் கூற அருளப்பரும் கூடாரத்தைக் குறிக்கும் சொல்லையே ஆளுகிறார். அங்ஙனமாயின் சின்னப்பர் கூறுவதன் கருத்து தெளிவாகிறது. நம் பலவீனம் தானாகவே பலமாகிவிடுவதில்லை. நோய் நோயே; வலி வலியே. ஆனால் அவ்வலியை மறைக்காமல் இறைவன் முன் திறந்து வைக்கும்போது, அவ்விடத்தில் இறைவன் வந்து தங்குகிறார். எல்லாம் எனக்குண்டு என்று நிறைந்திருக்கும் இடத்தில் கூடாரம் அடிக்க வெளி ஏது?

தோள்கொடுத்த நால்வர்

திறந்து வைத்தல் இறைவன் முன் மட்டும் போதாது. சகோதரர் முன்னும் வேண்டும். இதை விளங்கிக்கொள்ள மீண்டும் கொடைக்கானல் மலைக்கே செல்லுவோம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மோட்டார் செல்லும் மலைச்சாலை அமையும் வரை, பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில்தான் மேலே ஏறவேண்டும். ஏறக்குறைய 7,000 அடி உயரம். நடக்கவியலாத நோயாளிகளையும் பெண்களையும் முதியோரையும் கூலியாட்கள் டோலியில் வைத்துத் தோளில் சுமந்து சென்றனர். நோயுற்ற மறைபரப்பாளர் எத்தனையோ பேர் அவ்வாறு ஏறி உயிர்பிழைத்தனர். அவர்களுடைய பெயர்களை வரலாறு வைத்திருக்கிறது. சுமந்தவர்களின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை. ஏட்டில் எழுதப்படாத அப்பெயர்கள் வாழ்வின் நூலில் எழுதப்பட்டிருக்கும் என்று நம்புகிறோம். சாலை இல்லாத மலையூர்களில் பிற்காலத்திலும் இவ்வழக்கம் நீடித்தது. கொடைக்கானலுக்குக் கீழே உள்ள வெள்ளகவி போன்ற ஊர்களில் நெடுங்காலம் பிள்ளைப்பேற்று வேதனையுற்ற தாயையும் பாம்பு தீண்டியவரையும் இருபுறமும் கம்பு கட்டிய துணியில் கிடத்தி, காட்டுப்பாதை வழியே மருத்துவமனைக்குச் சுமந்து சென்றனர்.

நற்செய்தியிலும் இதே காட்சியைக் காண்கிறோம் (மாற்கு 2). திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்தனர். கூட்டத்தின் மிகுதியால் வாயில்வழி நுழைய இயலாமல், கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்கினர். அப்போது ஆண்டவர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு நோயாளியிடம் பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். நோயாளியின் விசுவாசத்தைத் தனியே குறிக்காமல், சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தையும் சேர்த்தே குறிக்கிறார். நோயின் கொடுமையில் சிலரால் செபிக்கவும் இயலாது. நாட்கணக்கில் வலியால் துடிப்பவர், மனச்சோர்வில் அமிழ்ந்தவர், நினைவிழந்தவர் ஆகியோரால் விசுவாசப்பிரமாணம் சொல்ல இயலுமா? அவர்களுக்காக நாம் சொல்லவேண்டும். அவர்கள் வலுவின்மையில் வெளிப்படும் ஆற்றல், சில வேளைகளில் நம் தோள்களின் வழியாகவே வெளிப்படவேண்டும் என்பது இறைவனின் திருவுளம்.

ஆனால் சுமப்பதற்கு முன், நோயாளி ஒருவர் இருக்கிறார் என்பது தெரியவேண்டுமே! நம் குடும்பங்களில் நோயை மறைப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. காசநோய் என்றால் மறைக்கிறோம். பெண்ணுக்கு வரன் கிடைக்காதென்று அச்சம். புற்றுநோய் என்றால் அப்பெயரையே சொல்லத் தயங்குகிறோம். மனநோய் என்றால் பிள்ளையை உள்ளறையில் வைத்துக் கதவைப் பூட்டுகிறோம். கடன் வந்தாலும் மறைக்கிறோம். வெளியே வெள்ளையடித்த சுவர், உள்ளே பெருமூச்சு. கூரையைப் பிரித்தாவது ஆண்டவரிடம் இறக்கவேண்டிய நோயாளியைக் கூரைக்கடியில் நாமே ஒளித்து வைக்கலாமா?

மார்பில் தொங்கிய கருவிகள்

இப்போது சலேத் மாதாவின் உருவத்தை உற்றுநோக்குவோம். அன்னையின் மார்பில் ஒரு பாடுபட்ட சிலுவை தொங்குகிறது. அச்சிலுவையின் ஒரு பக்கத்தில் சுத்தியலும் மறுபக்கத்தில் குறடும் இருக்கக் காண்கிறோம். பிள்ளைகள் இருவரும் தாம் கண்டதாகக் கூறியது இவ்வாறே. இதன் பொருளைத் திருச்சபையில் பலர் பலவாறு விளக்கியுள்ளனர். எளிய விளக்கம் இது: சுத்தியல் ஆணியை அடிப்பது, குறடு ஆணியைப் பிடுங்குவது. பாவம் செய்பவன் சுத்தியலை எடுக்கிறான். அன்பு செய்பவன் குறட்டை எடுக்கிறான்.

துன்பத்தைப் பற்றிப் பேசும்போது இவ்வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது. துன்பத்தில் ஆற்றல் உண்டு என்னும் திருச்சபையின் போதனையைச் சிலர் தவறாகப் பயன்படுத்துகின்றனர். சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே, ஆணி அடிபடுபவனிடம் பொறுமையாயிரு என்று போதிக்கின்றனர். குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் கணவன் ஒருவன். அடிபட்டவளிடம், அது உன் சிலுவை, சுமந்துகொள் என்று அறிவுரை கூறும் உறவினர் பலர். சிலுவை என்னும் புனிதமான சொல்லை இதற்குப் பயன்படுத்துவது முறையன்று. அவள் கைக்குச் சிலுவை கொடுக்குமுன், அவன் கையிலிருந்து சுத்தியலைப் பறிக்கவேண்டும். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான இடம் தேடித்தருவதும் பங்கின் கடமை.

கொடைக்கானலின் அண்மை வரலாற்றில் இதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு உண்டு. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பாதரச வெப்பமானி ஆலை ஒன்று அங்கு நிறுவப்பட்டது; பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. காய்ச்சலை அளக்கும் கருவி செய்த தொழிலாளருள் பலர், பாதரசத்தால் தம் உடல்நலம் கெட்டது என்று முறையிட்டனர். நிறுவனம் அதை ஏற்கவில்லை. 2001 மார்ச்சு மாதத்தில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் ஊரிலுள்ள பழைய பொருள் கிடங்கு ஒன்றில் குவிந்து கிடந்தது வெளிப்பட்டது, ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவிற்கே கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளர் விடவில்லை. நோயுற்றோரும், நோயுற்று இறந்தோரின் குடும்பத்தினரும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். 2016 மார்ச்சில், முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு மனிதாபிமான அடிப்படையில் உதவி வழங்க நிறுவனம் உடன்பட்டது. ஆலை மூடப்பட்டுப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்!

இத்தொழிலாளரிடம், துன்பம் அருளைத் தரும், அமைதியாயிருங்கள் என்று கூறியிருந்தால் அது நற்செய்தியாகுமா? ஆகாது. பணமும் பதவியும் இல்லாத எளியோர் ஒன்றுகூடி, தம் வலுவின்மையை மறைக்காமல் உலகத்தின் முன் வைத்தனர். தனித்தனியே வலுவற்றவர்கள் கூடி நின்றபோது வலுப்பெற்றனர். குறட்டைக் கையிலெடுத்து ஆணியைப் பிடுங்க முயல்வது விசுவாசத்திற்கு மாறானதன்று. அதுவும் சிலுவையடியில் நிற்கும் முறைகளுள் ஒன்றே. ஆண்டவர் நோயைக் கண்டபோது, அதைப் போற்றவில்லை, குணமாக்கினார். பசியைக் கண்டபோது உணவளித்தார். நீக்கக்கூடிய துன்பத்தை நீக்குவதும், நீங்காத துன்பத்தில் உடனிருப்பதும் ஆகிய இரண்டும் அவர் வழிகள்.

சிலுவையிலிருந்து இறக்கிய பின்னும் ஆணியின் தழும்புகள் அவர் உடலை விட்டுப் போகவில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவர் பூட்டிய கதவுக்குள் வந்து நின்று தோமையாருக்குக் காட்டியது எதை? காயங்களை. மகிமை பெற்ற உடலிலும் அவற்றை வைத்திருந்தார். நம்முள் உள்ள ஆறாத புண்கள், தீராத ஊனங்கள், பிள்ளையை இழந்த தாயின் வெறுமை ஆகியவை விண்ணகத்தில் வெறுமனே மறைந்துபோவன அல்ல, ஒளிபெறுவன என்னும் நம்பிக்கையை அக்காயங்கள் நமக்குத் தருகின்றன. 1984-ஆம் ஆண்டு பெப்ருவரி 11-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் துன்பத்தின் மீட்புப் பொருளைப் பற்றி ஒரு திருமடல் வரைந்தார். 1981-இல் துப்பாக்கிக் குண்டு பட்டு மருத்துவமனையில் கிடந்தவர் அவர். துன்புறுவோர் கிறிஸ்துவின் பாடுகளில் பங்குபெறுகின்றனர் என்று கற்பித்த அதே மடலில், துன்புறுவோரைக் கண்டு விலகிச் செல்லாத நல்ல சமாரியனின் உவமையையும் அவர் விரித்துரைத்தார். இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

எண்ணெயின் ஆறுதல்

இனி, குடும்பங்களில் செய்யவேண்டுவன சிலவற்றைக் கூறி முடிப்போம்.

நோயாளிகளுக்கென்றே திருச்சபை ஓர் அருட்சாதனத்தை வைத்திருக்கிறது. நம் முன்னோர் அதை அவஸ்தைப் பூசுதல் என்றனர். அவஸ்தை என்றால் உயிர் பிரியும் வேளை என்று எண்ணிவிட்டோம். ஆகவே குரு எண்ணெயோடு வீட்டுக்குள் நுழைந்தாலே, யமன் வந்ததுபோல் வீட்டார் அலறுகின்றனர். நோயாளி அஞ்சிவிடுவார் என்று, நினைவு தப்பும் வரை காத்திருந்து, பின் நள்ளிரவில் ஆள் அனுப்புகின்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இவ்வெண்ணத்தை மாற்ற விரும்பிற்று. நோயில் பூசுதல் என்பதே தகுந்த பெயர் என்று கூறிற்று. 1972-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அதன் சடங்கைப் புதுப்பித்தார். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி, தூய ஆவியின் அருளால் ஆண்டவர் உதவவேண்டுமென்று குரு மன்றாடுகிறார். கடும் நோயுற்றவர், பெரிய அறுவை சிகிச்சைக்குச் செல்பவர், முதுமையால் தளர்ந்தவர் ஆகிய அனைவரும் இதைப் பெறலாம். குணமடைந்து மீண்டும் நோயுற்றால் மீண்டும் பெறலாம். அதே நோயில் நிலைமை மோசமானாலும் பெறலாம்.

யாகப்பர் தம் திருமுகத்தில் (5-ஆம் அதிகாரம்) கூறும் ஒழுங்கைக் கவனியுங்கள். நோயாளியே சபையின் மூப்பரை அழைக்கவேண்டும் என்கிறார். அழைப்பதற்கு நினைவு இருக்கவேண்டும், வாய் இருக்கவேண்டும். தம் வலுவின்மையைத் தாமே அறிவித்து, எனக்காக மன்றாடுங்கள் என்று கேட்கும் தாழ்ச்சியும் வேண்டும். ஆகவே அன்பானவர்களே, காலந்தாழ்த்தாதீர்கள். தெளிந்த அறிவோடு இருக்கும்போதே குருவை அழையுங்கள். அப்போது வீட்டார் அனைவரும் கூடியிருங்கள். பேரப்பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். தாத்தாவின் கட்டிலருகே முழங்காலிடக் கற்றுக்கொடுங்கள்.

மற்றொன்று. நோயாளியைப் பார்க்கச் செல்பவர் வாயை அடக்கவேண்டும். இது கடவுளின் சோதனை, முற்செய்த பாவம், நம்பிக்கை குறைவு என்று விளக்கம் கூறவேண்டா. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் வாய்பேசாது அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அதுவே அவர்கள் செய்த நற்செயல். வாய் திறந்து விளக்கம் கூறத் தொடங்கிய பின்பே அவரைப் புண்படுத்தினர். ஆகவே விளக்கத்தைவிடச் சூடான கஞ்சி மேலானது. இரவில் கண்விழித்துக் களைத்த மனைவியை, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சற்று உறங்கு என்று அனுப்புவது மேலானது. வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் இவ்வூழியத்தில் நமக்கு வழிகாட்டுகின்றனர். அவர்களுக்கே விட்டுவிடாமல், ஒவ்வொரு தெருவிலும் நால்வர் முன்வரலாம். கட்டிலின் நான்கு முனைகளுக்கு நால்வர் போதும்.

இறுதியாக, கட்டிலில் கிடந்தவாறே இவ்விதழைப் படிப்பவர்களுக்கு ஒரு சொல். எழுத்து மங்கித் தெரிவதால் பேத்தி படித்துக்காட்டக் கேட்பவர்களுக்கும் இது உரியது. பிறருக்குப் பாரமாகிவிட்டோமே என்று வருந்துகிறீர்கள். வருந்தாதீர்கள். ஆண்டவரும் சீமோனுக்குப் பாரமானார். அப்பாரத்தால் சீமோன் நற்செய்தியில் இடம்பெற்றான். உங்களைச் சுமப்பவர்களுக்கு நீங்களும் அத்தகைய அருளைத் தருகிறீர்கள். செபிக்க இயலாத நாளில் செபமாலையைக் கையில் பற்றிக்கொண்டாலே போதும். அழுகை வந்தால் அழுங்கள். மலைமேல் அழுத தாய் உங்கள் கண்ணீரைக் குறைகூறமாட்டார். உங்களுக்கு விளங்கும் மொழியில் உங்களோடு பேசுவார்.

கொடைக்கானலுக்கு இனிச் செல்வோர் ஏரியைக் கண்டபின் சலேத் மாதா ஆலயத்திற்கும் செல்லுங்கள். அன்னையின் மார்பிலுள்ள அச்சிலுவையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சுத்தியல் எது, குறடு எது என்று விளக்குங்கள். பின்னர் வீடு திரும்பி, உங்கள் தெருவில் படுத்திருக்கும் நோயாளி யாரென்று விசாரித்து, அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

இறைவன் நம் குடும்பங்கள் அனைத்தையும் ஆசீர்வதிப்பாராக.